இனிஷ்மோருக்குப் படகு போகாத நாட்கள்

தம்பி,

இதை ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தால் உனக்கு வாசிக்க இலகுவாக இருந்திருக்கும். எனக்குத்தான் இலகுவாக இருந்திருக்காது. எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அலுவலகம் அலுவலகமாக என் அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்த்துப் பழகிய மொழி அது. அதில் நான் எப்போதும் சரியாகவே பேசிவிடுகிறேன். பிழைவிட்டதைச் சொல்ல அது எனக்கு ஒத்துவருவதில்லை. ஆகவே தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் நீ வேண்டாவெறுப்பாகப் படித்த தமிழை வைத்து மெதுவாக வாசி, அவசரமில்லை. தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரில் இதைப் போடலாமா என்று உன்னிடம் கேட்டேன். "பேர் போடாட்டிச் சரி" என்றாய். யாரிடமும் வாய் திறக்காத நான் இதை ஏன் அச்சுக்குக் கொடுக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உன்னைப் பற்றிய செய்தி ஊர் முழுக்கப் போனது. அதில் என் பங்கு மட்டும் வீட்டுக்குள் பத்திரமாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே என்ற நகரத்துக்கு ஒரு அரையாண்டு படிக்கப் போகிறாய் என்று நீ சொன்னபோது, நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன பாடம் என்பது அல்ல. "அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஒருவரும் இல்லை என்றாய். நம்மவர்கள் ஒருவரும் இல்லாத ஊர் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என நான் நம்பவில்லை. உனக்குச் சொல்லாமல் தமிழ்க் கடைக்கார அக்காவிடம் கேட்டேன். அவருடைய மச்சானுடன் படித்த ஒருவர் கால்வேயில், ஆஸ்பத்திரிகளுக்குச் சிறு கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. அந்த அண்ணையிடம் தொலைபேசியில், பிள்ளையை ஒருமுறை எட்டிப் பாருங்கோ என்றேன். நாம் எல்லோரும் செய்வதுதான். என் அப்பா நாம் இருக்கும் இந்த ஹம் நகரத்துக்கு வந்து இறங்கியபோதும் யாரோ ஒருவர் இப்படித்தான் புகையிரத நிலையத்தில் வந்து நின்றிருக்கிறார். அப்படி ஒருவர் வந்து நிற்பது சிலருக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் ஒரு சனிக்கிழமை இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு பல்கலைக்கழக மாணவர் விடுதிக்குப் போனார். உன் பெயர் அங்கே இல்லை. வேறு விடுதியிலும் இல்லை. நல்ல மனிதர், விடாமல் தேடினார். கடைசியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நீ கோப்பை கழுவிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். நீ முன்பு படித்த கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் ஒரே பரீட்சையில் மூன்றாம் தரமும் தவறியதும், இனி அந்தப் படிப்பை இந்த நாட்டில் எங்கும் தொடர முடியாது என்று கடிதம் வந்ததும், ஒரு வருடமாக நீ எங்களுக்குச் சொன்னதெல்லாம் கதை என்பதும் அப்படித்தான் வெளியே வந்தன. எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அண்ணை கடைக்கார அக்காவிடம் ஆலோசனை கேட்டார். அதனால் எனக்கு முன்னரே ஹம்மில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அரிசி வாங்கப் போன என் கையை அந்த அக்கா பிடித்துக்கொண்டபோது, யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். கடை வாசலில் நின்றே உன்னை அழைத்தேன். நீ எடுத்தாய். "சாப்பிட்டியோ" என்றோ "எப்பிடி இருக்கிறாய்" என்றோ நான் கேட்கவில்லை. என் வாயில் வந்த முதல் வசனம், "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு." நீ "சரி அம்மா" என்றாய், அவ்வளவுதான். அன்றிலிருந்து உன் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். விழுந்து கிடக்கும் ஒருவரைக் கண்டால் முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், எங்கே நோகிறது என்று கேட்க வேண்டும். பத்து வருடமாகப் பிறர் பெற்றோருக்கு இதைச் செய்கிறேன்.

அந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப உன் நாலாம் வகுப்பு நினைவுதான் வந்தது. இந்த நாட்டில் பத்து வயதில் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள், யார் பல்கலைக்கழகம் வரை போகும் பள்ளிக்கு, யார் நடுத்தரப் பள்ளிக்கு என்று. உன் ஆசிரியை உனக்கு நடுத்தரப் பள்ளி நல்லது என்று எழுதினார். நான் அவரிடம் போய், என்னுடைய மிகச் சரியான ஜேர்மனில் ஒரு மணித்தியாலம் வாதாடினேன். வெளிநாட்டுப் பிள்ளை என்றபடியால்தானே என்று கேட்டேன். அவர் முகம் சிவந்து, பரிந்துரையை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு பிள்ளைகளுக்கு அப்படி நடந்திருக்கிறது. உனக்கும் அப்படித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ கதவுக்கு வெளியே வாங்கு ஒன்றில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வரும்போது, "அம்மா, அந்த ஸ்கூலும் எனக்கு ஓகே. என்ரை பிரெண்ட் அங்கதான் போறான்" என்றாய். நான் வெற்றிபெற்ற சந்தோஷத்தில் உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கோடையில்தான் கலியாணம் நடந்தது. யாரும் வற்புறுத்தவில்லை, நானே சம்மதித்தேன். படிக்கப் போகவில்லை. எனக்கு இருபது வயதில் நீ பிறந்தாய். நூலகத்திலிருந்து புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்து வாசித்து அந்த இடத்தை நிரப்பிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நிரம்பாததை உன் தலையில் வைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து உன் அப்பாவுக்கு உன்னிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இனிஷ்மோர் என்ற தீவில் வேலை செய்கிறேன், சுகமாக இருக்கிறேன், அம்மாவுக்கும் சொல்லுங்கோ. எனக்கு நேரே எழுதவில்லை. நான் அன்றே பயணச்சீட்டு எடுத்தேன். இரவு வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டே அப்பா, "போட்டு வா. ஆனாக் கனக்கக் கதைக்காதை" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே ஆலோசனை அது.

டப்ளினில் இறங்கிப் பேருந்தில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்தேன். புல், கல் மதில், செம்மறி, மழை. பிறகும் அதே வரிசை. கால்வேயில் நான் தங்கிய வீட்டுக்காரி, நாளைக்குத் தீவுக்குப் படகு போகுமா என்று கேட்டதற்கு "போனாலும் போகும்" என்றாள். மறுநாள் காலை போகவில்லை. காற்று. அடுத்த நாளும் சொல்ல முடியாது என்றார்கள். ஹம்மில் புகையிரதம் பிந்தினால் எத்தனை நிமிடம் என்று அறிவிப்பார்கள், நானும் யாரையாவது கோபித்துக்கொள்ளலாம். இங்கே கோபிக்க ஒருவரும் இல்லை. நீ இருக்கும் தீவு கடலுக்குள் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கிறது. பகல் முழுவதும் எனக்குச் செய்ய எதுவும் இல்லை. ஆகவே, வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு உல்லாசப் பயணியைப் போல ஊர் சுற்றினேன்.

கடைத்தெரு சின்னது. வளைந்து வளைந்து ஆற்றுக்குப் போகிறது. மழையிலும் இருவர் பிடில் வாசித்துக்கொண்டு நின்றார்கள். ஆறு கடலில் விழும் இடத்தில் பழைய கல் வளைவு ஒன்று. அதற்கு முன்னால் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடுகிறது, நின்று பார்த்தால் நாம்தான் பின்னால் போவது போல இருக்கிறது. அக்கரையில் அன்னங்கள் கூட்டமாக நிற்கின்றன. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள், பதிலுக்கு நிற்காமல் போய்விடுகிறார்கள். முதல் நாள் அது எனக்குப் பொய்யாகப் பட்டது. இரண்டாம் நாள், பதில் எதிர்பார்க்காத கேள்வியும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று நினைத்தேன். நான் உன்னிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எதிர்பார்த்தேன், அதுவும் எனக்குப் பிடித்த பதில்.

கடலோர நடைபாதையின் முடிவில் ஒரு மதில் இருக்கிறது. அங்கே வரை நடப்பவர்கள் மதிலைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்களாம். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் நடந்தேன். எதையும் காலால் உதைத்துப் பழகவில்லை, மனம் வரவில்லை, கையால் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் நாயுடன் வந்த கிழவர், அது கணக்கில் சேராது என்றார். உண்மையாகவே கவலைப்பட்டுச் சொன்னார். தலை குனிந்து ஒரு உதை உதைத்தேன். கண்ணீர் வந்துவிட்டது. கால் நொந்ததால் என்று அவர் நினைத்திருப்பார்.

அன்று பின்னேரம் அந்த அண்ணை என்னைத் தேடி வந்தார். நான் வந்திருப்பதை அவருக்கு யார் சொன்னது என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கையில் சாப்பாட்டுப் பொதி. வீட்டுக்காரியின் முன்னறையில், பூப்போட்ட கதிரையின் விளிம்பில், குற்றம் செய்த பிள்ளையைப் போல இருந்தார். படகைப் பற்றிக் கேட்டேன். "ஜேர்மனியில இருந்து வாறவை எல்லாத்துக்கும் நாள் நேரம் குறிச்சுத் தெர்மீன் வைப்பியள். கடல் தெர்மீன் குடுக்காது, தங்கச்சி" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "நான் ஒராளுக்குத்தான் சொன்னனான். அதுவும் உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு கேக்கத்தான்" என்றார்.

"நானும் ஒராளிட்டத்தான் கேட்டனான், அண்ணை" என்றேன்.

அவர் நீட்டிய பொதியை வாங்கிக்கொண்டேன். அவரை வெறுக்கத் தயாராக வந்திருந்தேன். முடியவில்லை. போகும்போது, உன்னைக் கண்ட அன்று நீ அவருக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாய் என்றார். அது எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் நாள் படகு போனது. பேருந்தில் ஒரு மணித்தியாலம், பிறகு முக்கால் மணித்தியாலம் கடல். முழு வழியும் சொல்லவேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். வேறு துறையில் அவுஸ்பில்டுங் செய்யலாம், தொழிலும் படிப்புமாக மூன்று வருடம், எர்லாங்கனில் என் சிநேகிதியின் கணவர் இருக்கும் பெரிய கம்பனியில் கேட்கலாம், அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பப் படிவத்தை, நானே நிரப்பித் தருவேன். இறங்குதுறையில் கால் வைத்ததும் உன்னைக் கண்டேன். மஞ்சள் மழைச்சட்டை, வரிசையாக வாடகைச் சைக்கிள்கள், உன்னைச் சுற்றி எங்களுடன் படகில் வந்த பயணிகள். நீ என்னைக் கண்டாய். கை ஒரு கணம் நின்றது. "கொஞ்சம் நில்லுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு சங்கிலியை மாட்டப் போனாய். உனக்குச் சைக்கிள் திருத்தத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மதிலோரம் நின்று, என் பிள்ளையை அந்நியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முதலாளி நோரா என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் இரண்டு சைக்கிள்களை எடுத்து எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள்.

இருவரும் சைக்கிளில் ஏறிப் புறப்பட்டோம். பாதையின் இருபக்கமும் கல் மதில்கள், இடுப்பளவு, சாந்து இல்லாமல் அடுக்கியவை. காற்று அவற்றின் இடைவெளிகளால் சத்தமிட்டுப் போனது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, இந்த வேலிகளுக்கு ஏன் படலை இல்லை என்று கேட்டேன். நீ நின்றாய். மாட்டை உள்ளே விடவேண்டும் என்றால் ஒரு இடத்தில் கற்களை இறக்கி வழி விடுவார்கள், மாடு போனதும் திரும்ப அடுக்குவார்கள் என்றாய். மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இந்தத் தீவில் மண்ணே இருக்கவில்லை, வெறும் பாறை, கடற்பாசியையும் மணலையும் கூடையில் சுமந்து கொட்டி இவர்களே செய்த மண் இது என்றாய். உன் குரல் மாறிவிட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. தாயாக வந்தால் உன்னிடம் எனக்கு இடமில்லை, பயணியாக வந்தால் நீ எவ்வளவும் பேசுவாய். ஆகவே நான் பயணியாகவே இருந்தேன். கடல்நாய்கள் எங்கே வரும், பள்ளிக்கூடம் இருக்கிறதா, குளிர்காலத்தில் என்ன செய்வார்கள். தெரிந்த விடைகளையும் கேட்டேன். மனப்பாடம் செய்து வந்த அவுஸ்பில்டுங்கையும் அன்ட்ராக்கையும் பற்றிய பேச்சை எடுக்கவேயில்லை.

மேட்டில் இருக்கும் பழைய கற்கோட்டைக்குக் கூட்டிப்போனாய். மூன்று பக்கம் மதில், நாலாம் பக்கம் ஒன்றுமில்லை. நிலம் அப்படியே அறுந்து, கீழே கடல். கம்பி இல்லை, கயிறு இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக வயிற்றில் படுத்து ஊர்ந்து விளிம்பால் எட்டிப் பார்க்கிறார்கள். நீயும் படுத்தாய். வா என்று கூப்பிட்டால் நீ எரிச்சலில் அசைந்துவிடுவாயோ என்று பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். நானும் பக்கத்தில் வந்து படுத்தேன். கல் ஈரமாக இருந்தது. வேலையிடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அப்படி ஒரு பயம் வந்தால் சுற்றிவளைக்காமல் கேட்க வேண்டும் என்று. முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

"தம்பி, சாகிறதைப் பற்றி யோசிச்சிருக்கிறியோ?"

நீ கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "ஓம். இங்க இல்லை. கார்ஹிங்கில. அந்தக் கடிதம் வந்தாப் பிறகு." பிறகு, யாருக்கோ வழி சொல்வது போல அமைதியாக, "உங்களுக்குச் சொல்லுறதை விட அது லேசாத் தெரிஞ்சது, அம்மா."

இதையும் எழுதலாமா என்று பின்னர் கேட்டபோது, யோசித்து, ஓம் என்றாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை வாசிக்கும் தாய்மார் யாராவது அந்த வசனத்தை என்னைப் போல ஈரக் கல்லில் படுத்துக்கொண்டு கேட்கவேண்டி வராமல் இருக்கட்டும். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. இப்ப எப்படி என்று கேட்டேன். சில நாட்களில் அந்த நினைப்பு வரும் என்றாய். வந்தால் நோராவிடம் சொல்வாயாம், அவள் தேநீர் வைப்பாளாம், ஒன்றும் கேட்கமாட்டாளாம். ஒருமுறை டொக்டரிடமும் போனாயாம், திரும்பவும் போவாயாம். நான் கையை நீட்டினேன், சின்ன வயதில் நீ அடித்துச் சத்தியம் செய்வாயே, அப்படி. நீ என் உள்ளங்கையைப் பார்த்தாய்.

"சத்தியம் பண்ண ஏலாது, அம்மா. பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன்."

காற்று திரும்பவும் எழும்புகிறது, பின்னேரப் படகை விட்டால் எத்தனை நாள் என்று தெரியாது என்று நீதான் என்னை அனுப்பினாய். இருந்துவிட்டுப் போங்கோ என்று சொல்வாய் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வா என்று நானும் கேட்டேன், ஒரே ஒருமுறை. "இப்ப ஏலாது" என்றாய். படகு நகரும்போது நீ கைகாட்ட நிற்கவில்லை. திரும்பி வந்த சைக்கிள்களைத் துடைத்துக் கொட்டிலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாய். அது எனக்கு நோகவில்லை என்று சொன்னால் நம்பாதே.

அன்று படகில் வரிசைப்படுத்திய அறிவுரைகளில் ஒன்றுகூட இப்போது மிச்சமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த நினைப்பு வந்தால் என்னிடம்தான் சொல்லவேண்டும் என்று இல்லை. நோராவிடம் சொல், டொக்டரிடம் சொல், தெருவில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போகிறவனை நிறுத்திச் சொல். நான் கடைசியாக அறிந்தாலும் பரவாயில்லை. இதை எழுத எனக்கு மூன்று நாள் சென்றது. உன் தாயாக அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சின்ன விஷயமில்லை, தம்பி.

போன கிழமை கடைக்கார அக்கா, மகன் எப்படி, எப்போது படிப்பு முடியும் என்று, எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டார். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். "அவன் பரீட்சையில மூண்டு தரமும் தவறிப்போனான், அக்கா. இப்ப ஒரு தீவில சைக்கிள் கடையில நிக்கிறான்" என்றேன். அவர் தராசைப் பார்த்துக்கொண்டு, "முருங்கைக்காய் இண்டைக்குத்தான் வந்தது, எடுக்கிறீங்களோ" என்றார். எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், முடிந்தால் தொலைபேசி எடுத்துக் கதைப்பேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். நாலு கிழமை எடுத்தாய். நேற்று எடுக்கவில்லை. வேலையாக இருந்திருக்கலாம், தொலைபேசியில் சார்ஜ் முடிந்திருக்கலாம், தூங்கியிருக்கலாம். அல்லது. உன்னைப் பற்றி வேறு ஒருவரிடம் கேட்டு அறிய எனக்கு எத்தனையோ வழி இருக்கிறது. அப்பா இரண்டு தரம் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நல்லதா கெட்டதா என்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கிழமை எனக்குக் காலை வேலை. இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த நேரமும் எடுக்கலாம்.

அம்மா